லாஜிஸ்டிக்ஸ் என்றால் தளவாடமா?

‘தளவாடத் துறை எதிர்கொள்ளும் மூலோபாய சவால்கள்’ என்று ஒரு தலைப்பு அண்மையில் கண்ணில் பட்டது. ராணுவச் செய்தி போலிருக்கிறது, பீரங்கிக்கு உதிரிபாகம் கிடைக்கவில்லையோ என்று உள்ளே போய்ப் பார்த்தால் டீசல் விலை, சுங்கச்சாவடிக் கட்டணம், ஓட்டுநர் பற்றாக்குறை, கண்டெய்னர் தட்டுப்பாடு. லாரிக்காரர்களும் கப்பல் ஏஜெண்டுகளும் படும் பாட்டைத்தான் அப்படித் தலைப்பிட்டிருக்கிறார்கள். லாஜிஸ்டிக்ஸுக்குத் தளவாடம் என்று போடுவது செய்தி, அறிவிப்பு, விளம்பரம் என்று எங்கும் பரவிவிட்டது. கணினி மொழிபெயர்ப்பும் அதையே துப்புகிறது. இது தவறு. ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடலாம்.

முதலில் சொல்லின் பிறப்பு. பிரெஞ்சிலிருந்து வந்தது. நெப்போலியனின் படையில் இருந்து, பிறகு ரஷ்யப் படைக்குப் போன சுவிட்சர்லாந்துக்காரர் ஜொமினி, 1838இல் வெளியிட்ட தம் போர்க்கலை நூலில் இந்தச் சொல்லைப் பேர்பெறச் செய்தார். படைக்குத் தங்குமிடம் பார்க்கும் அதிகாரியின் பதவிப் பெயரோடு அவரே இதை இணைத்துப் பேசுகிறார். ‘லோஜே’ என்றால் தங்கவைத்தல். நம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் லாட்ஜும் இதே குடும்பம்தான். கணக்கிடும் கலையைக் குறித்த ஒரு கிரேக்கச் சொல்லே இதற்கு மூலம் என்று சொல்பவர்களும் உண்டு. எந்த வேரைப் பிடித்தாலும் ஒன்று மட்டும் உறுதி: இது ஒரு வேலையின் பெயர். எதை, எப்போது, எந்த வழியாக, எங்கே தங்கவைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பார்க்கிற வேலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வணிகமும் அதை எடுத்துக்கொண்டது.

தளவாடம் வேலையின் பெயரா? இல்லை, சாமானின் பெயர். கருவி, தட்டுமுட்டு, ஒரு தொழிலுக்கு வேண்டிய பொருள்கள் என்பதுதான் அதன் பழைய பொருள். இலங்கையில் தளபாடம் என்றால் மேசை நாற்காலி. யாழ்ப்பாணத்தில் ‘தளபாடக் கடை’ எங்கே என்று கேட்டால் அலமாரி விற்கிற இடத்துக்குத்தான் வழி சொல்வார்கள். தமிழ்நாட்டில் இந்தச் சொல் பெரும்பாலும் ராணுவத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. துப்பாக்கி, டாங்கி, ஏவுகணை எல்லாம் ராணுவத் தளவாடங்கள். ராணுவத்தின் லாஜிஸ்டிக்ஸைத் தமிழில் எழுதும்போது யாரோ தளவாடத்தைப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், பிறகு வந்தவர்கள் முன்னால் இருந்த ராணுவத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை லாரிக்கும் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். வேறு எப்படி ஒரு சாமானின் பெயர் இங்கே வந்து உட்காரும்?

பொருள்தான் விளங்கிவிடுகிறதே, இதில் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். விளங்கவில்லை என்பதுதான் புகார். மத்திய அரசு 2022 செப்டம்பரில் நாடு முழுவதற்குமான லாஜிஸ்டிக்ஸ் கொள்கையை வெளியிட்டது. இந்தியாவில் லாஜிஸ்டிக்ஸ் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13, 14 சதவீதம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். 2025இல் வந்த அரசின் புதிய மதிப்பீடு 2023-24ஆம் ஆண்டுக்கு அதை 7.97 சதவீதம் என்கிறது. கணக்குப் போடும் முறையே மாறியிருப்பதால், செலவு பாதியாகக் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அது பெரிய விவாதம். இப்போது இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘இந்தியாவின் தளவாடச் செலவு ஜிடிபியில் 8 சதவீதம்’. படிக்கிறவர் என்ன நினைப்பார்? இவ்வளவு பணத்தையும் ஆயுதத்திலா கொட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார். அவர்மேல் குற்றமில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் வேடிக்கை. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து இடங்களை வைத்து ராணுவத் தளவாட உற்பத்திக்கு ஒரு பெருவழித்தடம் இருக்கிறது. மாநில அரசு லாஜிஸ்டிக்ஸுக்கென்றே 2023இல் ஒரு கொள்கையும் வெளியிட்டது. சேலம் அந்த ஐந்தில் ஒன்று. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று லாரித் தொழிலால் வாழும் ஊர்கள் சூழ்ந்த பகுதியும் அதுவே. ‘சேலத்தில் தளவாட முதலீடு’ என்று ஒரு செய்தி வந்தால் அது பீரங்கிக் குழாயா, குடோனா? ஒரே மாவட்டத்தில், ஒரே சொல்லால் இரண்டையும் சொல்கிற அளவுக்குத் தமிழில் சொல் பஞ்சம் வந்துவிடவில்லை.

செங்கடல் செய்திகளில் குழப்பம் உச்சத்துக்குப் போனது. 2023இன் கடைசியில் ஏமன் நாட்டு ஹூதி கிளர்ச்சியாளர்கள் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பெரிய நிறுவனங்கள் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போயின. பத்து நாளுக்கும் மேல் கூடுதல் பயணம், எரிபொருள், வாடகை ஏற்றம், காப்பீட்டு ஏற்றம். ‘செங்கடல் தாக்குதலால் தளவாட நெருக்கடி’ என்று எழுதினால் யாருக்கு நெருக்கடி? ஏவுகணை விட்டவருக்கா, சட்டை ஏற்றிய திருப்பூர்க்காரருக்கா?

சரி, தளவாடத்தை விரட்டிவிட்டு என்ன போடுவது? பலர் கை நீட்டும் சொல் ‘சரக்குப் போக்குவரத்து’. கேட்டவுடன் புரிகிறது. லாஜிஸ்டிக்ஸ் என்று எழுதியிருக்கும் இடங்களில் பாதிக்கு இதுவே போதும். ஆனால் முழுதும் கொள்ளாது. திருப்பூர்ச் சட்டை ஜெர்மனிக்குப் போவதை எடுத்துக்கொள்வோம். குடோனில் அடுக்கி, பெட்டி கட்டி, இ-வே பில் போட்டு, தூத்துக்குடிக்கு லாரி ஏற்றி, சுங்க அனுமதி வாங்கி, கண்டெய்னரைச் சிறிய கப்பலில் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அங்கே பெரிய கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். இந்தத் தொழிலின் உண்மையான தலைவலி நகர்வதில் இல்லை, நிற்பதில்தான் இருக்கிறது. நம் சரக்கு அயல்நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் மாறுவதைக் குறைக்கத்தான் 2025 மே மாதம் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தை முறைப்படி திறந்தார்கள். காத்திருப்பு, கிடங்கு, காகிதம் எதுவும் போக்குவரத்து என்ற சொல்லுக்குள் வராது.

ஆனாலும் அந்தச் சொல்லை நான் இளக்காரமாகப் பார்க்க மாட்டேன். போக்கும் வரத்தும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. லாரிக்காரர்களைக் கேட்டால் போக்கு பெரிய பிரச்சினை இல்லை, வரத்துதான் பிரச்சினை என்பார்கள். வடக்கே லோடு ஏற்றிப் போன வண்டிக்கு ரிட்டன் லோடு கிடைக்காமல் இரண்டு மூன்று நாள் ஹால்ட் அடிப்பதும், கடைசியில் வந்த வாடகைக்கு ஏற்றிக்கொண்டோ எம்ட்டியாகவோ திரும்புவதும் சாதாரணம். ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களே மிகுந்த தொழில் இது. புரோக்கர் சொல்வதுதான் வாடகை.

‘ஏற்பாட்டியல்’ என்று ஒரு சொல்லும் புழங்குகிறது. தனித்தமிழ் ஆர்வலர்களுக்குப் பிடிக்கும். வேலையின் பெயர் என்பதால் தளவாடத்தைவிட நூறு மடங்கு மேல். ஆனால் எதன் ஏற்பாடு? கல்யாண மண்டபம் பார்ப்பதும் ஏற்பாடுதான். ‘இயல்’ வேறு சேர்ந்துகொண்டதால் கல்லூரிப் பாடம் போல் ஒலிக்கிறது. ‘ஏற்பாட்டியல் லாரி’ என்று யார் சொல்வார்கள்? ‘நகர்த்தியல்’ என்று ஆக்கினாலும் அதே கதை, கிடங்கு வெளியே நிற்கும். எதற்கெடுத்தாலும் இயல் ஒட்டினால் கலைச்சொல் ஆகிவிடும் என்கிற நம்பிக்கை எப்போது ஒழியுமோ.

நான் எழுதுவது ‘சரக்கேற்பாடு’. சரக்கு இருப்பதால் எதன் ஏற்பாடு என்ற கேள்வி எழாது. ஏற்பாடு இருப்பதால் ஏற்றுவது, இறக்குவது, அடுக்குவது, காத்திருப்பது, பில் போடுவது எல்லாம் அடங்கும். சரக்கேற்பாட்டுச் செலவு, சரக்கேற்பாட்டு நிறுவனம் என்று நீட்டவும் முடிகிறது. சரக்கு என்றால் டாஸ்மாக் ஞாபகம் வருகிறதே என்று சிலர் நெளிகிறார்கள். அதற்காகச் சரக்கு ரயிலைப் பண்ட ரயில் ஆக்கிவிட்டோமா? படைக்குச் சோறும் குண்டும் கொண்டுசேர்க்கும் வேலைக்குப் ‘படைவழங்கல்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் வாயில் நுழையவில்லை என்றால் லாஜிஸ்டிக்ஸ் என்றே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். தவறான தமிழ்ச் சொல்லுக்குப் புரிகிற கடன் சொல் எவ்வளவோ மேல். தூய்மைக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முதலில் சொன்ன அந்தத் தலைப்பில் மிச்சம் இருக்கும் மூலோபாயத்தையும் (ஸ்ட்ராட்டஜிக்குப் போட்ட சொல்) பார்த்துவிடலாம். இலங்கைத் தமிழில் அது நெடுநாளாகப் புழங்கும் சொல், அங்கே அதற்கு இடம் உண்டு. தமிழ்நாட்டு வாசகருக்கு உத்தி, வியூகம் என்று சொன்னால்தான் உறைக்கும். இந்தத் தலைப்பிலோ அதுவும் வேண்டாம். 1951இல் 80 சதவீதத்துக்கு மேல் ரயிலில் போன சரக்கு இன்று 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது, மற்றதில் பெரும்பகுதி சாலையில் போகிறது. அதைத் திரும்ப ரயிலுக்கு இழுக்கத்தான் லூதியானாவிலிருந்து சோன்நகர் வரை, தாத்ரியிலிருந்து நவி மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரை என்று சரக்குக்கென்றே தனிப் பாதை போட்டார்கள். இதைப் போன்றவை ‘நீண்டகாலச் சிக்கல்கள்’. டீசல் விலையும் ஓட்டுநர் கிடைக்காததும் அன்றாடச் சிக்கல்கள். இரண்டையும் மூலோபாய சவால் என்று ஒரே மூட்டையில் கட்டினால் எது எதுவென்று தெரியாமல் போகிறது.

அப்புறம் இந்தப் பூங்கா. திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் சுமார் 184 ஏக்கரில் ஒரு பெரிய திட்டத்துக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். லாரியிலும் ரயிலிலும் வரும் சரக்கை இறக்கி, வைத்து, மாற்றி ஏற்றும் இடம் அது. அதற்குப் ‘பல்முனை தளவாடப் பூங்கா’ என்று பெயர் போடுகிறார்கள். பூவும் இல்லை, தளவாடமும் இல்லை. ‘சரக்கு முனையம்’ என்று எழுதினால் லாரி ஓட்டிக்கொண்டு வருபவருக்கும் வழிப்பலகை புரியும்.