வாக்காளர் அட்டை இருக்கிறது, சரி. வார்டு பட்டியலில் பெயர் இருக்கிறதா?

சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்ட அதே பள்ளிக்கூடத்துக்குப் போய், அதே அட்டையை நீட்டி, "உங்க பேரு இந்த லிஸ்ட்ல இல்லையே சார்" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களை ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலிலும் பார்க்கலாம். பல நேரம் பெயர் தொலைந்திருக்காது, வேறு பூத்தில், சில சமயம் வேறு வார்டிலேயே இருக்கும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சித் தேர்தலுக்குப் பட்டியல் தயாராகும் விதம் கொஞ்சம் வேறு, அதுதான் காரணம்.

மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் இரண்டும் தனித்தனி அமைப்புகள்; நகர்ப்புறத்தைப் பொறுத்தவரை 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் செய்த ஏற்பாடு இது. ஆனால் மாநில ஆணையம் தனக்கென்று வீடு வீடாக ஆள் அனுப்பிப் பெயர் சேர்ப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை வாங்கி, தெருவையும் கதவு எண்ணையும் பார்த்து வார்டு வார்டாகப் பிரித்து அடுக்குகிறது, அவ்வளவுதான். அதனால் சட்டமன்றப் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர் வார்டு பட்டியலிலும் இருக்க மாட்டார். அதில் இருந்தாலும், எந்த வார்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று தனியாகப் பார்த்தாக வேண்டும்.

எப்போது தேர்தல்? கடைசியாக நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. மார்ச் மாதம் பதவியேற்ற மன்றங்களின் ஐந்து வருடம் 2027 மார்ச்சோடு முடிகிறது. பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்துவிட வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். சட்டம் அப்படிச் சொல்லியும், 2016-ல் நடக்க வேண்டிய தேர்தல் வழக்கில் சிக்கி, 2022 வரை கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலர்களை வைத்தே நகரங்களை ஓட்டினார்கள் என்பதும் நமக்குத் தெரியும். எனவே தேதி அறிவிக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அறிவிப்பு வந்த பிறகு பெயர் சேர்க்கக் கிடைக்கும் அவகாசம் ரொம்பக் குறைவு.

முதல் வேலை, சட்டமன்றப் பட்டியலில் இன்றைக்கும் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. "போன தடவை போட்டேனே" என்பதெல்லாம் கணக்கில் வராது. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்பு தீவிரத் திருத்தத்துக்கு (பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்த SIR) பிறகு டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில், தமிழ்நாட்டில் ஏறக்குறைய 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. விடுபட்டவர்களில் நீங்களும் இருந்தீர்களா, பிறகு சேர்த்தார்களா என்பதை அட்டை எண்ணைப் போட்டு இந்தியத் தேர்தல் ஆணைய இணையதளத்திலோ செயலியிலோ ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். கையில் அட்டை இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் வேறு வேறு. பட்டியலில் பெயர் இல்லையென்றால் அந்த அட்டை வெறும் அடையாள அட்டைதான்.

பெயர் இல்லை, அல்லது முதல் முறையாகச் சேர்க்கிறீர்கள் என்றால் படிவம் 6. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். அந்த வயதைக் கணக்கிடும் தகுதி நாள் முன்பு ஜனவரி 1 மட்டும்தான், இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 மூன்றையும் சேர்த்து வருடத்துக்கு நான்கு. பதினேழு முடிந்தவர்களே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம்.

ஏற்கெனவே பெயர் இருந்து, வீடு மட்டும் மாறியிருந்தால் படிவம் 8. முகவரி மாற்றம், எழுத்துப் பிழை, தொலைந்த அட்டை எல்லாம் இந்த ஒரே படிவத்தில் முடிந்துவிடும். இங்கேதான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். மதுரையில் பெயர் இருக்கும், வேலைக்காகக் கோயம்புத்தூர் வந்திருப்பார்கள், படிவம் 8 கொடுக்காமல் புதிதாகப் படிவம் 6 கொடுத்து இரண்டு ஊரிலும் பெயரை வைத்துக்கொள்வார்கள். அது சட்டப்படி தப்பு. வேறு எங்கும் பெயர் இல்லை என்று படிவத்தில் பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு.

வாடகை வீட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டுரிமைக்குச் சொந்த வீடு தேவையில்லை, வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே பெயர் சேர்க்கலாம். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். ஆதார், வங்கி பாஸ்புக், கேஸ் பில், கரண்டு பில், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் என்று ஏதாவது ஒன்றில் அந்த முகவரி இருந்தால் போதும், அதுவும் இல்லையென்றால் அலுவலர் நேரில் வந்து விசாரித்து முடிவு செய்வார். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறினால் வாடகைக்காரர் வீட்டைக் காலி செய்ய மாட்டார் என்று பயப்படுகிற வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இருப்பதால் வீட்டின் மேல் யாருக்கும் எந்த உரிமையும் வந்துவிடாது, இதை அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இனி வார்டு. தேர்தல் நெருங்கும்போது வார்டு வாரியான பட்டியலை மண்டல அலுவலகம், நகராட்சி, பேரூராட்சி அலுவலகங்களில் வைப்பார்கள். 2022-ல் மாநிலத் தேர்தல் ஆணைய இணையதளத்திலும் பார்க்க முடிந்தது. அதைத் திறந்தால் பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை எண், அட்டை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கதவு எண், வயது. உங்கள் கட்டத்தைக் கண்டுபிடித்ததும் பெயரை விடக் கதவு எண்ணை நன்றாகப் பாருங்கள். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். அதில் ஒன்று இடம் மாறினாலும் நீளமான தெருவின் இன்னொரு முனைக்கு உங்களைக் கொண்டுபோய்விடும், தெருவின் நடுவில் வார்டு எல்லை ஓடினால் பக்கத்து வார்டுக்கே போய்விடுவீர்கள். வீட்டில் அப்பா ஒரு வார்டு, பிள்ளை ஒரு வார்டு என்று பிரிந்து கிடப்பதும் இப்படித்தான். அப்படி இருந்தால் சொத்து வரி ரசீதையோ ஆதாரையோ நகலெடுத்து, பட்டியல் வெளியானவுடனேயே உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாக்குப்பதிவு அன்று பூத்தில் சண்டை போட்டு எதுவும் ஆகாது, அங்கே உட்கார்ந்திருக்கும் அலுவலருக்குப் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் கிடையாது.

ஊராட்சியாக இருந்த உங்கள் ஊர் சமீபத்தில் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டிருந்தால் இன்னொரு மாற்றமும் உண்டு. திருவண்ணாமலை, நாமக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி நான்கும் 2024-ல்தான் மாநகராட்சி ஆயின, அவற்றைச் சுற்றியுள்ளவர்கள் கவனிக்கவும். கிராமத்தில் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு ஓட்டு. நகரத்தில் வார்டு கவுன்சிலருக்கு ஒரே ஒரு ஓட்டு. 2011-ல் மேயருக்கும் நேரடியாகப் போட்டோமே என்று சிலர் கேட்பார்கள். 2022-ல் அது மாறி, ஜெயித்து வந்த கவுன்சிலர்கள்தான் மேயரையும் தலைவரையும் தேர்ந்தெடுத்தார்கள். என்னைக் கேட்டால், அந்த ஒரு ஓட்டின் கனம் கூடித்தான் போயிருக்கிறது. ஆனால் 2022-ல் சென்னையில் பதிவானது 43.59 சதவீதம்தான், பேரூராட்சிகளிலோ 74 சதவீதத்தைத் தாண்டியது. குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என்று அதிகம் புலம்புவது சென்னைக்காரர்கள்தான், என்ன சொல்ல.

வாக்குப்பதிவு நாளுக்கு வருவோம். பூத் சிலிப் வீட்டுக்கு வந்தால் நல்லது, எந்த இடம், என்ன வரிசை எண் என்று தெரியும், ஆனால் அதை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலக பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்று போதும். ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது அந்தப் பட்டியலில் இல்லை. இயந்திரத்தில் பட்டனை அமுக்கியதும் பக்கத்தில் சீட்டு விழுமே என்று தேட வேண்டாம். 2022 உள்ளாட்சித் தேர்தலில் விவிபேட் இயந்திரம் கிடையாது, நோட்டாவும் இல்லை.

கடைசியாக ஒன்று. நீங்கள் போவதற்கு முன்பே உங்கள் பெயரில் யாரோ ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தால் வாயை மூடிக்கொண்டு திரும்ப வேண்டாம். அடையாளத்தைக் காட்டி, வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் டெண்டர் ஓட்டு கேளுங்கள். இயந்திரத்தில் விட மாட்டார்கள், தனி வாக்குச்சீட்டு கொடுத்து, அதை உறையில் போட்டுத் தனியாக வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது, தேர்தல் வழக்கு என்று நீதிமன்றம் போனால்தான் அந்த உறைக்கு வேலை. இருந்தாலும் கேட்டு வாங்கிப் போடுங்கள், அந்த பூத்தில் கள்ள ஓட்டு விழுந்தது அரசு ஆவணத்தில் ஏறிவிடும்.