திறப்போடு எதைக் கோர்க்கிறீர்கள்?

போன கிழமை ஒரு தம்பி கடைக்கு வந்தார். "அண்ணை, ஓடிக்கொண்டிருக்கேக்க திறப்பு கழண்டு றோட்டில விழுந்திட்டுது. ஆனா எஞ்சின் நிக்கேல்லை" என்றார். திறப்பைத் தாரும் பார்ப்பம் என்றேன். அவர் மேசையில் வைத்தது ஒரு பெரிய கொத்து. மோட்டார் சைக்கிள் திறப்பு, வீட்டுத் திறப்பு இரண்டு, கேற்று ஆமைப்பூட்டின் திறப்பு, வேலையிடத்து லாச்சித் திறப்பு, சோடா மூடி கழற்றுகிற இரும்பு, ஒரு குட்டி ரோர்ச், பாரிசிலிருந்து மாமா கொண்டுவந்த ஈபிள் கோபுரம். பக்கத்துக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தோம். 210 கிராம்.

யாழ்ப்பாண நகரில் பல வருடமாகத் திறப்பு வெட்டுகிறேன், பூட்டுத் திருத்துகிறேன். என்னிடம் வருகிற பழுதான இக்னிஷன் சுவிச்சுகளில் பலவற்றோடு இப்படி ஒரு பாரக் கொத்தும் வரும். மோட்டார் சைக்கிள் பூட்டுக்குள் இருப்பவை மெல்லிய பித்தளைத் தகடுகளும் தலைமயிர்போன்ற சின்னச் சுருள்கம்பிகளும்தான். திறப்பிலுள்ள வெட்டுகள் அந்தத் தகடுகளைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் உள்ளுருளை திரும்பும். ஒவ்வொரு குழியிலும் வண்டி துள்ளும்போது கீழே தொங்கும் கொத்தும் ஆடும். அந்த ஆட்டம் தகட்டையும் திறப்பையும் அராவிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வருடத்தில் திறப்பை ஆட்டி ஆட்டித் திருப்ப வேண்டி வரும். அப்புறம், 'ஓன்'இல் இருக்கும்போதே திறப்பு வெளியே வரும். அந்தத் தம்பி அந்தக் கட்டத்தில்தான் வந்தார்.

இன்னும் மோசமானது, தேய்ந்த சுவிச் ஓட்டத்தில் தானாக அணைந்துவிடுவது. இரவில் பண்ணைப் பாலத்தில், இரண்டு பக்கமும் கடல் இருக்க, எஞ்சினும் முன்விளக்கும் ஒன்றாக நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கார் வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். 2014இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 26 இலட்சம் வரையான கார்களைத் திருப்பியழைத்தது. அவற்றின் இக்னிஷன் சுவிச் இறுக்கம் போதாமல் இருந்தது. கொத்தின் பாரத்தாலோ ஒரு குலுக்கலாலோ திறப்பு திரும்பி, எஞ்சின் நின்று, விபத்து நேரத்தில் காற்றுப்பையும் விரியாமல் போனது. நட்டஈட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. தவறு சுவிச்சினுடையதுதான். ஆனாலும் திருத்தும் வரை வளையத்தில் உள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் திறப்பை மட்டும் போட்டு ஓட்டுங்கள் என்றுதான் அந்த நிறுவனமே சொன்னது.

ஆகவே வாகனத் திறப்பைத் தனியாக வைத்திருங்கள். ஒரு சின்ன வளையம், மெல்லிய ஒரு கீ டேக், அவ்வளவு போதும். பனையோலையில் பின்னியவை நம்மிடமே கிடைக்கின்றன. கையில் பாரமே தெரியாது. வீட்டுத் திறப்புகளை வேறு வளையத்தில் கோர்த்துப் பையில் போடுங்கள். தேய்ந்த திறப்பைக் கொண்டுவந்து இதைப் பார்த்து ஒன்று வெட்டித் தாருங்கள் என்றும் கேட்காதீர்கள். இயந்திரம் அந்தத் தேய்வையும் சேர்த்துத்தான் பிரதி எடுக்கும். வீட்டில் பாவிக்காமல் கிடக்கும் இரண்டாவது திறப்பைக் கொண்டுவாருங்கள்.

புது வாகனத் திறப்போடு சில நேரம் இலக்கம் பொறித்த சின்னத் தகடு ஒன்று வரும். அதையும் அழகான கீ டேக் என்று நினைத்துக் கொத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அது அழகுக்கு வந்ததல்ல. திறப்பு தொலைந்தால் அந்த இலக்கத்தை வைத்தே புதுத் திறப்பு வெட்டலாம். நீங்களும் வெட்டலாம், கண்டெடுத்தவனும் வெட்டலாம். இன்றைக்கே கழற்றி வாகனப் புத்தகத்தோடு வீட்டில் வையுங்கள்.

அதேபோல, தொலைந்தால் யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்ற நல்ல எண்ணத்தில் கீ டேக்கில் பெயர், வீதி, வீட்டு இலக்கம் எல்லாம் எழுதுகிறார்கள். அப்படிச் செய்தால் பூட்டும் திறப்பும் இருக்கும் இடத்தை நீங்களே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். ஒரு தொலைபேசி இலக்கம் போதும். அதற்கு மேல் ஓர் எழுத்தும் வேண்டாம். விலாசத்தோடு ஏற்கெனவே தொலைத்துவிட்டீர்கள் என்றால், கிடைக்கும் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் பூட்டை மாற்றுங்கள்.

குடிபூரலுக்குப் புது வீட்டுத் திறப்பைக் கையில் பிடித்துப் படம் போடுகிற பழக்கமும் வந்துவிட்டது. சந்தோசம் நியாயமானது. ஆனால் 2008இலேயே சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏறக்குறைய 60 மீற்றர் தூரத்திலிருந்து எடுத்த படத்தைக் கணினியில் போட்டுத் திறப்பின் வெட்டுகளை அளந்து காட்டினார்கள். உங்கள் படம் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்தது. படம் எடுக்கும்போது வெட்டுப் பக்கத்தை விரலால் மூடிக்கொள்ளுங்கள்.

குட்டி ரோர்ச், ரிமோட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அவற்றுக்குள் இருக்கும் பொத்தான் பற்றறியைப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். அழும் பிள்ளைக்குத் திறப்புக்கொத்தை விளையாடக் கொடுக்காதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கொத்தில் எதையுமே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. குருநகரில் கடற்றொழிலுக்குப் போகிற ஒருவர் தன் வீட்டுத் திறப்பில் ரெஜிபோம் துண்டொன்றைக் கட்டியிருக்கிறார். தண்ணீரில் விழுந்தால் மிதக்க வேண்டுமே. வாசிகசாலைத் திறப்பில் சாண் நீளக் கட்டை கட்டுவது, மறதியில் யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகாமலிருக்க.

எனக்கு மிகவும் பிடித்த கொத்து, மாதத்துக்கு ஒருமுறை கடைக்கு வரும் ஓர் அம்மாவுடையது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளின் மூன்று வீடுகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மொத்தம் பதினொரு திறப்பு. ஒன்றிலும் எழுத்தில்லை. மூத்தவனின் வீட்டுக்குச் சிவப்பு நூல், மகளுடையதுக்கு மஞ்சள், கடைசிக்குப் பச்சை. முன்கதவுக்கு ஒரு முடிச்சு, கேற்றுக்கு இரண்டு. கண் மங்கிவிட்டது தம்பி, இருட்டிலும் விரல் சொல்லும் என்று முடிச்சைத் தடவிக் காட்டினார்.