எம்20 சாலையில் லாரிகளை ஏன் நிறுத்திவைக்கிறார்கள்? ‘ஆபரேஷன் ப்ராக்’ திட்டம்

லண்டனிலிருந்து காரில் பாரிஸ் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். எம்20 மோட்டார்வேயில் மெய்ட்ஸ்டனைத் தாண்டியதும் கான்கிரீட் கட்டைகள் சங்கிலி மாதிரி கோத்து மைல் கணக்கில் சாலையோரம் கிடக்கும். பள்ளி விடுமுறை சமயத்தில் போனால் அதே கட்டைகள் சாலைக்கு நடுவே வந்து நிற்கும். ஒரு பக்கம் லாரிகள் மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கும், கார்கள் எல்லாம் எதிர்ப்பக்கச் சாலையில் போகும். இதற்குப் பெயர் ‘ஆபரேஷன் ப்ராக்’. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும்போது (பிரெக்ஸிட்) டோவர் துறைமுகம் திணறிப்போகும் என்று பயந்து அரசு போட்ட திட்டம். பெயரைக் கேட்டு ராணுவ நடவடிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். வரிசை வந்தால் லாரிகளை எங்கே நிறுத்துவது என்பதுதான் மொத்தத் திட்டமும். வரிசையே வராமல் தடுக்கும் வழி இதில் கிடையாது.

டோவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்? டோவருக்கும் பிரான்ஸின் கலே நகருக்கும் நடுவே கடல் சுமார் 33 கி.மீ. தான். ஃபெர்ரியில் ஒன்றரை மணி நேரம். பக்கத்து ஊரான ஃபோக்ஸ்டனில் கடலுக்கடியில் போகும் சுரங்க ரயிலில் வண்டியை ஏற்றினால் 35 நிமிடம். நெரிசலான நாளில் டோவர் துறைமுகத்தை மட்டும் 10,000 சரக்கு வண்டிகள் வரை கடக்கும். ஒன்றியத்தில் இருந்தவரை அவற்றுக்குச் சுங்கக் காகிதம் எதுவும் தேவைப்படவில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுக் கப்பலில் ஏறிவிடலாம். துறைமுகத்தில் தாராளமாக இடமும் கிடையாது. ஒரு பக்கம் சுண்ணாம்புக் குன்று, மறுபக்கம் கடல். ஒரு வண்டிக்குச் சராசரியாக 2 நிமிடம் கூடினாலே 17 மைல், அதாவது 27 கி.மீ. நீளத்துக்கு வரிசை நீளும் என்று துறைமுக நிர்வாகமே எச்சரித்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2003-இல் கையெழுத்தான லெ துக்கே ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் டோவர் மண்ணிலேயே உட்கார்ந்து பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். சரக்குச் சோதனை கலேயில் நடக்கிறது. பாஸ்போர்ட் சன்னலில் தாமதமானாலும் சரி, கலேயில் இறங்குமிடம் நிரம்பிவிட்டாலும் சரி, வண்டிகள் தேங்குவது இங்கிலாந்துப் பக்கம்தான். தேக்கம் அப்படியே டோவர் இருக்கும் கென்ட் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) சாலைகளுக்குப் பரவும்.

கென்ட் மக்களுக்கு இது புதிதும் அல்ல. முன்பு ‘ஆபரேஷன் ஸ்டாக்’ என்று ஒன்று இருந்தது. துறைமுகத்தில் பிரச்சினை என்றால் மோட்டார்வேயை மூடிவிட்டு லாரிகளை அதன்மேலேயே நிறுத்திவைப்பார்கள். 2015 கோடையில் பிரெஞ்சு ஃபெர்ரி ஊழியர் வேலைநிறுத்தமும் கலேயில் குடியேறிகள் நெருக்கடியும் சேர்ந்து வந்தபோது 30 நாளுக்கும் மேல் இப்படி நடந்தது. உள்ளூர்க்காரர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்து பொந்துகளில் புகுந்து போக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு 25 கோடி பவுண்ட் செலவில் ஃபோக்ஸ்டன் அருகே பெரிய லாரி நிறுத்துமிடம் கட்டுவதாக அறிவித்தார்கள். அது வழக்கில் மாட்டி 2017 நவம்பரில் கைவிடப்பட்டது. ஆக, விலகும் நாள் நெருங்கும்போது அரசின் கையில் ஒழுங்கான நிறுத்துமிடமே இல்லை.

அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ப்ராக். ஸ்டாக் மோட்டார்வேயை மூடியது, ப்ராக் அதைத் திறந்தே வைக்கிறது. எம்20-இல் ஜங்ஷன் 8-க்கும் 9-க்கும் நடுவே, கடற்கரை நோக்கிப் போகும் பக்கத்தை ஐரோப்பா செல்லும் லாரிகளுக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். மற்ற எல்லா வண்டிகளும் லண்டன் நோக்கி வரும் பக்கத்தையே இரண்டாகப் பிரித்து, நடுவில் தடுப்பு வைத்து, இரு திசையிலும் போகும். ஐரோப்பாவுக்கே போகும் காராக இருந்தாலும் அந்தப் பக்கம்தான். எம்20-இல் மட்டும் 2,000 லாரிகள் வரை நிறுத்தலாம். அதற்கும் மேல் வந்தால் ராம்ஸ்கேட் பக்கத்திலுள்ள மான்ஸ்டன் என்ற கைவிடப்பட்ட விமான நிலையத்தில் நிறுத்துவது என்பது அப்போதைய திட்டம். ப்ராக் நடக்கும்போது குறுக்கு வழியில் ஊருக்குள் புகுந்து டோவருக்கு நழுவப் பார்க்கும் லாரி ஓட்டுநருக்கு 300 பவுண்ட் அபராதம். முந்துவதற்கும் சில சரக்குகளுக்குத்தான் உரிமை. 2021 தொடக்கத்தில் உயிருள்ள மீன், நண்டு வகைகளையும் ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சுகளையும் ஏற்றிய வண்டிகளை முன்னால் விட ஏற்பாடு செய்தார்கள்.

முதலில் குறித்த விலகல் நாள் 2019 மார்ச் 29. அதற்கான ஒத்திகைகளை இப்போது நினைத்தாலும் சிரிப்புதான் வருகிறது. ஜனவரி 7 அன்று மான்ஸ்டனிலிருந்து டோவருக்குப் போலி நெரிசல் ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். 150 லாரிகள் எதிர்பார்த்த இடத்தில் வந்தவை 89. நாளொன்றுக்குப் பத்தாயிரம் வண்டி கடக்கும் பாதைக்கு 89 லாரியில் ஒத்திகை!

அப்புறம் ஃபெர்ரி ஒப்பந்தம். டோவருக்குப் பதிலாக வேறு துறைமுகங்கள் வழியாகக் கப்பல் விட, போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் கிரேலிங் மூன்று நிறுவனங்களுக்கு 10 கோடி பவுண்டுக்கும் மேல் ஒப்பந்தம் கொடுத்தார். அவற்றில் ஒன்று சீபோர்ன் ஃபிரெய்ட். ராம்ஸ்கேட்டிலிருந்து பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டுக்குக் கப்பல் விட அதற்கு 1.38 கோடி பவுண்ட். அந்த நிறுவனத்திடம் கப்பலே இல்லை. அதன் இணையதளத்தில் இருந்த விதிமுறைகள் உணவு டெலிவரிக் கடைக்கு எழுதியவை போல இருந்ததைப் பத்திரிகைகள் கண்டுபிடித்தன. பிப்ரவரியில் ஒப்பந்தம் ரத்து. வேலை நடந்தால்தான் பணம் என்று இருந்ததால் சீபோர்னுக்குப் பணம் போகவில்லை. ஆனால் தன்னைக் கேட்காமலே ஒப்பந்தம் கொடுத்ததாக, சுரங்க ரயிலை நடத்தும் யூரோடனல் வழக்குப் போட, அரசு 3.3 கோடி பவுண்டுக்குச் சமரசம் செய்துகொண்டது. விலகும் நாள் தள்ளிப்போனதால் மற்ற இரண்டு ஒப்பந்தங்களையும் மே மாதம் ரத்து செய்தார்கள். அதற்கும் ஏறத்தாழ 5 கோடி. ஒரு லாரிகூடக் கப்பல் ஏறவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் குடையாக இருந்தது ‘ஆபரேஷன் யெல்லோஹாமர்’. அது ஒரு மஞ்சள் குருவியின் பெயர். ஒப்பந்தமே இல்லாமல் விலகினால் என்ன ஆகும் என்று அமைச்சரவை அலுவலகம் போட்ட கணக்கு அது. 2019 ஆகஸ்டில் பத்திரிகைக்குக் கசிந்தது, செப்டம்பரில் நாடாளுமன்றம் வற்புறுத்தியதால் அரசே வெளியிட்டது. கடக்க வரும் லாரிகளில் 50 முதல் 85 சதவீதம் வரை பிரெஞ்சுச் சுங்கத்துக்குத் தயாராக இருக்காது, ஒரு லாரி ஒன்றரை முதல் இரண்டரை நாள் வரை காத்திருக்க நேரலாம் என்றது. ஆனால் இது ‘நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய மிக மோசமான நிலை’ பற்றிய கணக்கு. இப்படித்தான் நடக்கும் என்ற கணிப்பு அல்ல. அந்த வித்தியாசம் தலைப்புச் செய்திகளில் காணாமல் போய்விட்டது.

பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று விலகினாலும் பழைய விதிகள் டிசம்பர் 31 வரை நீடித்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் அமைச்சர் மைக்கேல் கோவ் எழுதிய கடிதம் 7,000 லாரிகள் வரிசையில் நிற்கலாம் என்று எச்சரித்தது. ஒரு பெரிய லாரியின் நீளம் 16.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏழாயிரம் லாரிகளை இடைவெளி இல்லாமல் ஒற்றை வரிசையில் நிறுத்தினால் 115 கி.மீ. வரும். லண்டனிலிருந்து டோவர் வரைக்கும் கிட்டத்தட்ட நிறைந்துவிடும்.

அதனால் கென்ட் அனுமதிச் சீட்டு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரி டோவருக்கோ சுரங்கத்துக்கோ போக வேண்டும் என்றால், ஓட்டுநர் இணையத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லி, காகிதங்கள் சரியாக இருக்கின்றன என்று உறுதி தர வேண்டும். பச்சை வந்தால் சீட்டு கிடைக்கும், 24 மணி நேரம் செல்லும். சிவப்பு வந்தால் கிளம்பவே கூடாது. சீட்டு இல்லாமல் மாட்டினால் இதற்கும் 300 பவுண்ட் அபராதம். சொந்த நாட்டின் ஒரு கவுண்டிக்குள் நுழையவே பாஸ்போர்ட்டா என்று பலர் கேலி செய்தார்கள். காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை, ஓட்டுநர் சொல்வதை நம்பித்தான் சீட்டு. எல்லைச் சோதனையைவிட நினைவூட்டல் என்ற அளவில்தான் இது பயன்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. 2021 ஏப்ரல் 20 அன்று கைவிட்டுவிட்டார்கள்.

வரிசை கடைசியில் வந்தது, ஆனால் பிரெக்ஸிட்டால் அல்ல. இங்கிலாந்தில் புதுவகைக் கொரோனா பரவுகிறது என்று 2020 டிசம்பர் 20 இரவு பிரான்ஸ் எல்லையை 48 மணி நேரம் மூடியது. கிறிஸ்துமஸுக்கு வீடு போய்ச் சேர நினைத்த ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் எம்20-இலும் மான்ஸ்டனிலும் மாட்டிக்கொண்டார்கள். கழிப்பறையும் சூடான சாப்பாடும் போதவில்லை. கிரேவ்ஸெண்ட் குருத்துவாராவில் சமைத்த உணவைச் சீக்கியத் தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ராணுவம் வந்து கொரோனா சோதனை செய்த பிறகே வண்டிகள் நகர்ந்தன. லாரியை எங்கே நிறுத்துவது என்று மூன்று வருடம் யோசித்த திட்டத்தில், அதற்குள் இருக்கும் ஆளுக்குச் சாப்பாடு யார் தருவது என்பது சரியாக எழுதப்படவில்லை.

ஜனவரியில் அந்த 7,000 லாரி வரிசை உருவாகவில்லை. நிறுவனங்கள் முன்கூட்டியே சரக்கைச் சேமித்திருந்தன, பல ஏற்றுமதியாளர்கள் அனுப்பாமலே காத்திருந்தார்கள். அந்த மாதம் ஒன்றியத்துக்கான பிரிட்டனின் சரக்கு ஏற்றுமதி ஏறத்தாழ 40 சதவீதம் விழுந்தது. சாலை காலியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இறக்குமதிப் பக்கம் பிரிட்டன் தன் சோதனைகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, 2024 ஏப்ரல் 30-இல்தான் உணவுப் பொருட்களை நேரில் சோதிக்கத் தொடங்கியது.

ப்ராக் விதிகள் முதலில் காலக்கெடுவோடு வந்தவை, பிறகு அந்தக் கெடுவை எடுத்துவிட்டார்கள். 2022 மார்ச்சில் பி அண்ட் ஓ ஃபெர்ரி நிறுவனம் சுமார் 800 ஊழியர்களை ஒரே நாளில் நீக்கி அதன் கப்பல்கள் நின்றபோது ப்ராக் வந்தது. ஈஸ்டர் விடுமுறைக்கும் கோடை விடுமுறைக்கும் வருகிறது. தடுப்பை நகர்த்தத் தனி இயந்திரம் இருப்பதால் ஒரே இரவில் போட்டுவிடலாம்.

காரில் போகிறவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நெடுஞ்சாலைத் துறையின் இணையதளத்தில் ப்ராக் நடக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நடக்கிறது என்றால் ஜங்ஷன் 8-இல் கார்களுக்கான பலகையைத் தவறவிடாதீர்கள், லாரி வரிசையில் போய் மாட்டிக்கொள்வீர்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்து பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஒன்றியம் கைரேகையும் புகைப்படமும் எடுக்கும் முறையைப் படிப்படியாகத் தொடங்கியது, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். பாரிஸில் இருக்கும் சொந்தக்காரருக்கு என்று ஆட்டுக்கறிக் குழம்போ பால்கோவாவோ கட்டிக்கொண்டு போக முடியாது. 2021 முதல் இறைச்சிக்கும் பால் பொருட்களுக்கும் ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. திரும்பும்போதும் கவனம் தேவை. கால்நடைக் கோமாரி நோய்க்குப் பயந்து 2025 ஏப்ரல் 12 முதல் பிரிட்டனும் ஆடு, மாடு, பன்றி இறைச்சிக்கும் பால் பொருட்களுக்கும் அதே மாதிரித் தடை போட்டது.