மைக் செட்டில் கேட்ட 'டொப்': வாக்கி டாக்கியின் ஹை, லோ பட்டன் எப்படி வேலை செய்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் திருவிழா. தொண்டர்கள் ஆறு பேர் கையில் வாக்கி டாக்கி. பூசை நடந்துகொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் 'டொப்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டொப்'. மைக் செட் போட்ட தம்பி என்னிடம் வந்து, "அண்ணே, யாரோ மைக்கத் தட்டுற மாதிரி இருக்கு. ஆனா மைக்கு பக்கத்துல யாருமே இல்ல" என்றார்.

ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டடி தள்ளி நின்ற தொண்டரைக் கவனித்தேன். அவர் பேசும் பட்டனை அழுத்தினால் ஒரு டொப், விட்டால் ஒரு டொப். கருவியை வாங்கி ஹையிலிருந்து லோவுக்கு மாற்றிக் கொடுத்தேன். சத்தம் நின்றது.

இந்தக் கருவிகள் அலையை அனுப்பும் சக்தி, ஹை என்றால் 5 வாட், லோ என்றால் 1 வாட். ஒரு சின்ன பட்டன் இதை எப்படி மாற்றுகிறது என்பதற்கு அந்த 'டொப்' சத்தத்திலேயே பாதி பதில் இருக்கிறது.

தொண்டர் பேசியது ஒலிபெருக்கியில் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்தக் கருவிகள் எஃப்எம் முறையில் பேசுகின்றன. குரலுக்கு ஏற்ப அலையின் அதிர்வெண் மாறுமே தவிர அதன் உயரம் மாறாது. மைக் ஒயர் ஆண்டெனா போல அலையைப் பிடித்துவிட்டது. ஆம்ப்ளிஃபயரின் முதல் டிரான்சிஸ்டர் அதை டையோடு போல ஒருபக்கமாக்கி, நேர் (டிசி) மின்னழுத்தமாக மாற்றிவிட்டது. அலை தொடங்கும்போது அந்த மின்னழுத்தம் ஒரு படி ஏறும், நிற்கும்போது ஒரு படி இறங்கும். ஏறும்போது ஒரு டொப், இறங்கும்போது ஒரு டொப். இடையில் உயரம் அசையாததால் பேச்சு கேட்காது.

உயரத்தில் எந்தச் செய்தியும் இல்லை என்பதால்தான் எஃப்எம் அலையின் உயரத்தை நம் இஷ்டத்துக்குக் குறைக்க முடிகிறது. குரல் கெடாது. ஏஎம் போன்ற முறைகளில் குரலே உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே இவ்வளவு சுலபமாகக் கை வைக்க முடியாது.

சரி, எப்படிக் குறைப்பது? எளிய வழி, அலையைப் பெருக்கி ஆண்டெனாவுக்கு அனுப்பும் கடைசி டிரான்சிஸ்டருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைப்பது. இவ்வகைப் பெருக்கிகளில் மின்னழுத்தம் பாதியானால் சக்தி ஏறக்குறைய கால்பங்காகும். ஆனால் வழியில் ஒரு ரெசிஸ்டரை மட்டும் போட்டுவிட்டால் அது வீணாகச் சூடாகும். பேட்டரி இறங்க இறங்கச் சக்தியும் இறங்கும். 8.4 வோல்ட்டில் 5 வாட் தரும் கருவி 6.6 வோல்ட்டில் 3 வாட் சொச்சம்தான் தரும்.

நல்ல கருவிகள் வெளியே போகும் சக்தியை அளந்துகொண்டே இருக்கின்றன. ஆண்டெனாவுக்குப் போகும் பாதையை ஒட்டி இன்னொரு செம்புக் கோடு ஓடும். இரண்டும் தொடாது. போகிற சக்தியில், உதாரணமாக, நூறில் ஒரு பங்கு அதில் கசியும். அந்தக் கசிவு ஒரு டையோடு வழியே நேர் மின்னழுத்தமாகிறது. ஆம்ப்ளிஃபயரில் தொல்லை கொடுத்த அதே வேலையை இங்கே வேண்டுமென்றே செய்ய வைத்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 வாட்டில் நூறில் ஒரு பங்கு 50 மில்லிவாட். 50 ஓம் மின்தடையில் அதன் உச்ச மின்னழுத்தம் சுமார் 2.2 வோல்ட். 1 வாட்டில் கசிவது 10 மில்லிவாட், உச்சம் 1 வோல்ட். சக்தி ஐந்தில் ஒரு பங்கானாலும் மின்னழுத்தம் பாதிக்குச் சற்றுக் கீழேதான் இறங்குகிறது. டையோடு தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதைக் கழித்தால் 2 வோல்ட், 0.8 வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அளவை ஓர் ஒப்பீட்டுச் சுற்று, தன்னிடமுள்ள இலக்கு மின்னழுத்தத்தோடு சதா ஒப்பிட்டுப் பார்க்கும். குறைவாக இருந்தால் டிரான்சிஸ்டரைத் திறந்துவிடும், கூடினால் இறுக்கும். நீங்கள் அழுத்தும் ஹை, லோ பட்டன் அந்த 5 வாட் பாதையைத் தொடுவதே இல்லை. இலக்கை 2 வோல்ட்டிலிருந்து 0.8 வோல்ட்டுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். அதற்கு இரண்டு மலிவான ரெசிஸ்டர்கள் போதும். எனக்கு இந்தச் சுற்றில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

இலக்கு சட்டென்று தாவினால் அலையும் தாவி, பக்கத்துச் சேனலில் சிதறும். அதனால் ஒரு கெப்பாசிட்டர் வைத்து மெல்ல ஏற்றுகிறார்கள். ஆண்டெனா கழன்று சக்தி திரும்பி வந்தால், அதை அளக்க இன்னொரு டையோடு இருக்கும். அது இலக்கைக் கீழே இழுத்து டிரான்சிஸ்டரைக் காப்பாற்றும். எல்லாக் கருவியிலும் இந்தக் காவல் இருக்காது. ஆண்டெனா இல்லாமல் பேசும் பட்டனை அழுத்தாதீர்கள். அப்புறம் பேட்டரி: லோவில், பேட்டரி மின்சாரத்தை அலையாக மாற்றுவதில் பெருக்கியின் திறன் குறைந்துவிடுவதால் மின்செலவு ஐந்தில் ஒரு பங்காகாது, ஏறக்குறைய பாதிதான் ஆகும்.

கைப்பேசியும் இதே வேலையைத் தானாகச் செய்கிறது. மலேசியாவில் 2021 இறுதியில் மூடப்பட்ட 3ஜியில் கோபுரம் விநாடிக்கு 1500 முறை "கூட்டு, குறை" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி ரதம் தொழிலாளர்களின் பழைய லயங்களை (வரிசை வீடுகளை) தாண்டி ஆற்றோரப் பள்ளத்துக்கு இறங்கியது. மழை பெய்து செம்பனை மட்டைகளெல்லாம் ஈரம். ஈர இலை இந்த அலைகளைக் கூடுதலாக விழுங்கும். திறந்தவெளியிலேயே 5 வாட் போகிற தூரத்துக்கு 1 வாட் போகாது, மரங்களுக்கு நடுவே அந்தத் தூரம் இன்னும் குறையும். எஃப்எம் மெல்ல மெல்லத் தேயாது. ஒரு எல்லைக்குக் கீழே போனால் குரல் இரைச்சலில் மூழ்கிவிடும். லோவிலேயே இருந்த கருவியை எடுத்துக்கொண்டு ரதத்தோடு போன தொண்டரின் பேச்சு வெறும் 'ஷ்ஷ்' என்றுதான் வந்தது. ஓர் ஆளை ஓடவிட்டு ஹைக்கு மாற்றச் சொன்னோம். "அண்ணே, ரதம் பாலத்துகிட்ட வந்திருச்சு" என்று பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது.