காவடி எந்த நாள் என்று கைபேசியைக் கேட்டால்

மொரீஷியஸின் ரோஸ் ஹில் நகரில் ஒரு கோவில் மண்டபம், 2026 ஜனவரி மாதம். செயற்கை நுண்ணறிவு பற்றி அரை மணி நேரம் பேச அழைத்திருந்தார்கள். நான் மைக்கைப் பிடிக்கும் முன்பே முன்வரிசைப் பாட்டி ஒருவர், செயற்கை நுண்ணறிவுச் செயலியின் பதிலோடு கைபேசியை நீட்டினார். "தம்பி, 2026 தைப்பூசம் பிப்ரவரி 11-ன்னு இது சொல்லுது. கோவில் நோட்டீஸ்ல பிப்ரவரி 1. எதை நம்புறது?"

நோட்டீஸ்தான் சரி. 11 என்பது 2025-இன் தேதி. கைபேசியை நம்பியிருந்தால், பத்து நாள் விரதத்தை அவர் தொடங்கும் நாளிலேயே காவடி முடிந்திருக்கும்.

தயாரித்து வைத்திருந்த பேச்சை ஓரமாக வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் 'காலை' என்று அடிக்கச் சொன்னேன். விசைப்பலகைக்கு மேலே 'வணக்கம்' வந்து நின்றது. "நான் தினமும் அடிக்கிறதாச்சே, அதான் தெரிஞ்சு வச்சிருக்கு" என்றார் பாட்டி. அவ்வளவுதான் விஷயம். தேதி சொன்ன செயலியும் இப்படித்தான்: கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துவிட்டு, இந்தச் சொல்லுக்கு அடுத்து எது வரக்கூடும் என்று கணக்கிடும் ஒரு பெரிய இயந்திரம் அது. தை மாதத்தில் பூச நட்சத்திரமும் பௌர்ணமியும் கூடுவதை அது பஞ்சாங்கம் திறந்து பார்ப்பதில்லை. தேதி எழுதப்பட்ட வாக்கியங்களைத்தான் பார்த்திருக்கிறது. போன ஆண்டின் வாக்கியங்கள் நிறைய இருந்திருந்தால் அந்தத் தேதியே முந்திக்கொண்டு வரும். இணையத்தில் தேடிச் சொல்லும் செயலி என்றால், எந்தப் பக்கத்தில் பார்த்தாய் என்று கேட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள் என்றேன்.

அடுத்த வாரம், கணினி நிறுவனங்கள் நிறைந்த எபெனில், எங்கள் துறைப் பொறியாளர்களிடம் இதே கதையைச் சொன்னேன். 2017-இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற மாடல் வடிவமைப்பு, மாடல் படிக்கும் சொல்துண்டான டோக்கன், நிகழ்தகவு எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. உண்மையில் இவர்களுக்குப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது. "மாடல் பெரிதானால் சரியாகிவிடும்" என்றார் ஒரு தம்பி.

பலகையில் 'காவடி' என்று எழுதினேன். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 5 குறிகள், அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். அதையே நம் நாட்டு விடுமுறைப் பட்டியலில் இருப்பதுபோல் ரோமன் எழுத்தில் Cavadee என்று எழுதினால் 7 பைட். சொற்களை டோக்கன்களாகப் பிரிப்பது டோக்கனைசர்; தமிழை அதிகம் பார்க்காத டோக்கனைசர் இந்தத் தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக நறுக்கும். படிக்கக் கிடைத்த தமிழும் குறைவு. நம் நாட்டுப் பேச்சுமொழியான கிரியோலுக்கும் இதே கதிதான். அப்புறம், பயிற்சி முடிந்த நாளுக்குப் பின் நடந்தது எதுவும் மாடலுக்குள் இல்லை. அளவை மட்டும் பெரிதாக்கினால் இதெல்லாம் தீராது. தேதியை மாடலே சொல்ல விடாமல் அரசு விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சரி, நாம் மாடலை எந்த மொழியில் சோதிக்கிறோம் என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. நான் எழுதியவை உட்பட, எங்கள் சோதனைக் கேள்விகள் எல்லாமே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் இருந்தன.

அன்று மாலையே பாட்டியின் கேள்வியை, அவர் கேட்ட தமிழிலேயே, சோதனைக் கேள்விப் பட்டியலின் முதல் வரியாகச் சேர்த்தோம்.