மாமரம் முகத்தில் பூசும் பச்சை

சித்தி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பில் படம் எடுத்தோம். உச்சி வெயில். நிழல்தானே நல்லது என்று இருவரையும் மரத்தடியில் நிறுத்தினேன். வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தால், பெண் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போல இருந்தாள். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை வெளிர்பச்சை.

மரத்தடி வெளிச்சம் வெறும் மங்கிய வெயில் அல்ல. இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. மிஞ்சும் பச்சைதான் இலையை ஊடுருவியும் இலையில் பட்டுத் தெறித்தும் கீழே வருகிறது. முகக்களையோ தோல் திருப்பியனுப்பும் சிவப்பில் இருக்கிறது. வருகிற வெளிச்சத்திலேயே சிவப்பு குறைந்தால் முகம் எதைத் திருப்பியனுப்பும்? நேரில் இது தெரியாது. கண்ணும் மூளையும் சரிக்கட்டிவிடும். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் கேமராவின் ஒயிட் பேலன்ஸும் முயலும். ஆனால் படம் முழுக்க இலையாக இருந்தால், இலையின் நிறம் எது, வெளிச்சத்தின் நிறம் எது என்று அது குழம்பிப்போகும்.

அப்புறம் அந்த வெயில் பொட்டுகள். இலைச் சந்துகள் கோணல்மாணலாக இருந்தும் கீழே விழுபவை வட்டமாக இருக்கின்றனவே, கவனித்திருக்கிறீர்களா? சின்னச் சந்து ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமரா. விழும் வட்டம் சூரியனின் பிம்பம். சூரியன் தன் விட்டத்தைப் போல சுமார் 108 மடங்கு தூரத்தில் இருப்பதால், பொட்டின் அகலமும் சந்திலிருந்து அது விழும் தூரத்தில் 108-ல் ஒரு பங்கு. முகத்துக்கு 3 மீட்டர் மேலே சந்து இருந்தால் பொட்டு ஏறக்குறைய 3 செ.மீ. சரியாக ஒரு கண்ணை அடைக்கும்! 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று மரத்தடியைப் பார்த்தவர்களுக்கு இதே பொட்டுகள் பிறைகளாகத் தெரிந்திருக்கும்.

சரி, எங்கே நிறுத்துவது? நிழல் முடியும் விளிம்புக்கு ஓரடி உள்ளே, தோப்புக்கு முதுகு காட்டி, திறந்த வானத்தைப் பார்த்தபடி. வானம் அகன்ற விளக்கு. கொஞ்சம் நீலம் கலந்திருக்கும். அதை ஈடுகட்ட நம் பக்கத்துச் செம்மண் இருக்கிறது. வெயில் பட்ட செம்மண் கீழிருந்து இளஞ்சூடான வெளிச்சம் தந்து தாடையடி நிழலைக் கரைக்கும். பூங்காப் புல்தரையில் இது நடக்காது. அங்கே தாடையிலும் பச்சைதான்.

மறுவாரம் உழுது போட்ட கொல்லை ஓரத்தில் எடுத்தோம். அதே வெள்ளைச் சட்டை; கீழ்ப்பாதியில் லேசாகக் காவி ஏறியிருந்தது. அதை நான் திருத்தவில்லை.