நாயின் தோலில் குடியிருக்கும் ஈஸ்ட்

வீட்டு நாய் தலையைச் சிலுப்பிக்கொண்டே இருக்கிறது. பின்னங்காலால் காதைப் பிராண்டுகிறது. மடலைத் தூக்கிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான அழுக்கு, கிட்டே போனாலே ஒரு காறல் வாடை. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் பூஞ்சையின் தொற்று என்கிறார். எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் எல்லாரும் உடனே கேட்கிறார்கள். பெரும்பாலும் எங்கிருந்தும் இல்லை. அந்த ஈஸ்ட் முன்பிருந்தே அந்த நாயின் தோலில்தான் வாழ்ந்துகொண்டிருந்தது.

அதன் பெயர் மலசேசியா பேக்கிடெர்மாட்டிஸ். 1925-ல் முதன்முதலாக விவரிக்கப்பட்டபோது அது கிடைத்தது நாயிடமிருந்து அல்ல, தோல் உரிந்துகொண்டிருந்த ஒரு காண்டாமிருகத்திடமிருந்து. நல்ல ஆரோக்கியமான நாய்களிடமும் காதுக் குழாய், உதட்டோரம், கால் விரல் இடுக்கு, ஆசனவாய்ப் பகுதி ஆகிய இடங்களில் இது கொஞ்சமாக இருக்கும். யாருக்கும் தொந்தரவு இல்லை.

இந்த ஈஸ்டின் பிழைப்பே கொழுப்பில்தான். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டால் தனக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்ள முடியும். மலசேசியாவிடம் அதற்கான மரபணு இல்லை. அதனால் லிப்பேஸ் என்ற நொதியை வெளியே சுரந்து, தோல் மேல் படர்ந்திருக்கும் எண்ணெய்ப் பசையை உடைத்து, அதிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலங்களை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியது போக மிஞ்சுபவை தோலை எரிச்சல்படுத்துகின்றன. ஈஸ்ட் குறைவாக இருக்கும்வரை தோல் இதைச் சமாளித்துவிடும். மேல்தோல் செல்கள் ஓயாமல் உதிர்ந்து ஈஸ்டையும் சேர்த்து வெளியேற்றுகின்றன. மிச்சத்தை நோய் எதிர்ப்புச் சக்தி பார்த்துக்கொள்கிறது.

சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் வேறொரு இடத்தில். தெள்ளுப்பூச்சிக் கடி, தூசி, மகரந்தம், ஏதோ ஒரு உணவு என எதற்கோ நாய்க்கு அலர்ஜி. தோல் வீங்கிச் சூடாகிறது, எண்ணெய் அதிகம் சுரக்கிறது. நாய் அந்த இடத்தை நக்கி நக்கி ஈரமாக்குகிறது. சூடு, ஈரம், எண்ணெய் மூன்றும் சேர்ந்துவிட்டால் ஈஸ்ட் மளமளவென்று பெருகும். பெருகினால் அரிப்பு கூடும், அரித்தால் சொறியும், சொறிந்தால் தோல் இன்னும் கெடும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், கார்டிசால் என்ற ஹார்மோன் மிகுந்தாலும் தோலின் காவல் தளர்ந்து இதே கதைதான். பாசெட் ஹவுண்ட், காக்கர் ஸ்பானியல், வெஸ்ட் ஹைலேண்ட் டெரியர், ஷீட்ஸு போன்ற இனங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

காதில் இது இன்னும் மோசமாகும். நாயின் காதுக் குழாய் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கமாக மடங்கிப் போகிறது. உள்ளே சேரும் மெழுகு சுலபமாக வெளியே வராது. தொங்கும் காதாக இருந்தால் காற்றும் புகாது.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. சில நாய்களுக்கு இந்த ஈஸ்டின் புரதங்களுக்கே அலர்ஜி உண்டு. அப்படிப்பட்ட நாயின் தோலில் ஈஸ்ட் சொற்பமாக இருந்தாலும் அரிப்பு தாங்காது. ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

கண்டுபிடிக்கும் முறை ரொம்ப எளிது. மருத்துவர் ஒளிபுகும் ஒட்டுநாடாத் துண்டு ஒன்றைத் தோலில் பலமுறை அழுத்தி எடுக்கிறார். அதைச் சாயத்தில் நனைத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டி நுண்ணோக்கியில் வைக்கிறார். வெளிறிய தோல் செதில்களுக்கு நடுவே அடர் ஊதா நிறத்தில், நிலக்கடலை வடிவத்தில் செல்கள் தெரியும். தாய்ச் செல்லின் ஒரே முனையிலிருந்து அகலமான அடிப்பகுதியோடு சேய் முளைப்பதால்தான் இடை சிறுத்த இந்த வடிவம். பக்கத்தில் பாக்டீரியா இருந்தால் அவை சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். பல நோயாளிகளிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சோதனையைச் செய்யாமல் வாடையை மட்டும் வைத்து மருந்து எழுதுவது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

தோல் தொற்றுக்கு முதல் மருந்து ஷாம்பூ: 2 சதவீத மைக்கோனசோலும் 2 சதவீத குளோர்ஹெக்சிடினும் கலந்தது, வாரம் இரண்டு முறை. நுரை தோலில் 10 நிமிடம் ஊற வேண்டும். போட்டதும் அலசிவிட்டால் மருந்து வேலை செய்ய நேரமே கிடைக்காது. உடல் முழுக்கப் பரவியிருந்தால் இட்ராகோனசோல் போன்ற மாத்திரைகள் உண்டு. அவை கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. காதுக்குள் எதை ஊற்றுவதற்கு முன்பும் செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். புண்ணான காதில் வினிகரை ஊற்றாதீர்கள், அந்த உயிர் துடித்துப் போகும்.

மாவுச்சத்தும் இனிப்பும் ஈஸ்டை வளர்க்கும், அவற்றை நிறுத்தினால் சரியாகிவிடும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. இதற்கு ஆதாரம் இல்லை. தோலில் இருக்கும் இந்த ஈஸ்டுக்கு உணவு தோல் எண்ணெய்தான். உணவு அலர்ஜி உள்ள நாய்க்கு உணவை மாற்றினால் குணம் தெரியும், உண்மைதான். ஆனால் அங்கே பெரும்பாலும் குற்றவாளி மாட்டிறைச்சி, பால், கோழி போன்றவற்றின் புரதம்.

பசுவிடம் கதை வேறு. மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் மருந்தைக் காம்பு வழியாகச் செலுத்தும்போது காம்பு நுனியைச் சரியாகத் துடைக்காவிட்டால், அல்லது ஒரே சிரிஞ்சைப் பல மாடுகளுக்குப் பயன்படுத்தினால், கேண்டிடா போன்ற ஈஸ்டும் மருந்தோடு உள்ளே போய்விடும். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும், ஈஸ்டை ஒன்றும் செய்யாது. போட்டியும் ஒழிந்துவிடுவதால் ஈஸ்டுக்குக் கொண்டாட்டம். மருந்து கொடுக்கக் கொடுக்க மடி வீக்கம் வற்றவில்லை என்றால் மருந்தை மாற்றிக்கொண்டே போகாமல் பாலைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஈஸ்ட் என்று தெரிந்தால் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு அடிக்கடி பாலைக் கறந்து வெளியேற்றினாலே பல மாடுகள் சில வாரங்களில் தேறிவிடும். நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்த கோழிகளிலும் இதே கேண்டிடா தீவனப்பையின் உட்சுவரில் வெள்ளையாகத் தடித்துப் படியும்.

மனிதருக்கு ஒட்டுமா? ஆரோக்கியமானவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 1998-ல் அமெரிக்காவிலிருந்து வெளியான ஓர் ஆய்வு, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் பரவிய மலசேசியாவை அங்குள்ள ஊழியர்களின் வளர்ப்பு நாய்களோடு தொடர்புபடுத்தியது. குறைமாதக் குழந்தையோ நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவரோ வீட்டில் இருந்தால், நாயைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பூனையிடம் மட்டும் தனிக் கவனம் தேவை. வயதான பூனைக்கு உடல் முழுக்கத் திடீரென்று மலசேசியா பெருகினால், சில சமயம் அது கணையத்திலோ நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியிலோ கட்டி இருப்பதன் வெளி அறிகுறி. தோலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே நெஞ்சு எக்ஸ்ரேவும் வயிற்று ஸ்கேனும் எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.